வக்கீல் அடித்த ஆணி

வக்கீல் முதலில் ஆணியை அடித்துவிட்டார். கூடத்துச் சுவரில், வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில், அளந்து பார்த்து அடித்த ஆணி. அதில் தொங்கப்போவது அவர் பேரில் வரப்போகும் காப்புரிமைச் சான்றிதழ். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சட்டத்துக்குத் தாவியவர் அவர். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கண்டுபிடித்ததையெல்லாம் எழுதி எழுதிப் பதிவு செய்து கொடுக்கிறார். சொந்தமாக ஒரு திருகாணிகூடக் கண்டுபிடித்ததில்லை. இந்த வருஷம் எப்படியும் ஒன்று என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

அது வீட்டிலேயே கிடைத்தது. காற்றடித்தால் பால்கனிக் கதவு படார் என்று அறையும். சரி செய்யச் சொல்லி மனைவி நாலு வருஷமாகக் கேட்டாள். அவரும் காற்றழுத்தம், உராய்வு என்று நாலு வருஷமாக விளக்கம் சொன்னார். ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, அதில் நாலு கறுப்புப் பொத்தானைத் தைத்து, கதவின் விளிம்பைச் சுற்றி இரண்டு பக்கத்துக் கைப்பிடியிலும் மாட்டியிருந்தாள். கதவு மெத்தென்று வந்து மூடியது.

வக்கீலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று வாரம் உலகத்துப் பதிவுகளையெல்லாம் சலித்தார். இப்படி ஒன்று எங்கேயும் இல்லை. பதினெட்டுப் பக்கம் எழுதினார், ஆறு படம் வரைந்தார். சைக்கிள் ட்யூப் 'நெகிழ்வுறு அதிர்வு ஏற்பி' ஆயிற்று. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தன் பேரையே போட்டுக்கொண்டார். மனசு உறுத்தாமல் இல்லை. அவள் கதவுச் சத்தத்தை நிறுத்தினாள், அவ்வளவுதானே, அது ஒரு கண்டுபிடிப்பு என்று கண்டுபிடித்தவன் நானல்லவா என்று மனசைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். பொத்தான் ஏன் நாலு? மூன்றோ ஐந்தோ இல்லாமல் நாலு என்றால் அதற்குப் பின்னால் ஏதோ கணக்கு இருக்கும். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, போன மாசம் ஒரு முதலாளியைத் திட்டி அனுப்பினீங்களே, அது என்ன கதை?"

வக்கீலுக்கு அது பிடித்த கதை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தொழிலாளியோட யோசனையைத் தன் பேர்ல எழுதித் தரச் சொன்னான். நான் விடுவேனா? யோசனை யாருக்கு வந்துச்சோ அவங்க பேருதான் போடணும்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். எழுதிக் கொடுத்தவன், படம் வரைஞ்சு கொடுத்தவன் எல்லாம் கண்டுபிடிச்சவன் ஆக முடியுமா?"

"நியாயம்தான். நம்ம கதவுக்கு எழுதினது யாரு?"

"நான்."

"படம் வரைஞ்சது?"

வக்கீலின் கண் மேஜை இருந்த அறைப் பக்கம் ஓடியது.

"உங்க மேஜையைத் தினமும் துடைக்கிறது நான்தாங்க," என்றாள் மனைவி. பின்னால் பால்கனிக் கதவு சத்தமே இல்லாமல் மூடியது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை எடுத்து வந்து தன் பேரை அடித்துவிட்டு அவள் பேரை எழுதினார். எழுதும்போது நிஜமாகவே பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆள் என்னிடம் வந்ததில்லை என்று அவளிடமே சொன்னார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பதினெட்டுப் பக்கத்தையும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"பொத்தான் கணக்கைச் சொல்லவே இல்லையே?" என்றார் வக்கீல்.

"கணக்கெல்லாம் இல்லைங்க. உங்க பழைய கறுப்புக் கோட்டுல நாலுதான் இருந்துச்சு."

சான்றிதழ் வர மூன்று வருஷம் ஆகுமாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, கூடத்து ஆணியில் அவள் அந்தக் கோட்டை மாட்டி வைத்திருக்கிறாள்.