பூட்டுச் சாமியாரும் இருபத்தொன்பது மணி நேரமும்

சானமாவுக் காட்டை ஒட்டிப் போகும் சாலையில் வெள்ளிக்கிழமை காலையில் யானை வந்தால்கூட ஓரமாக நின்று வழிவிட வேண்டியதுதான். அத்தனை கார். பாதி தமிழ்நாட்டு நம்பர், பாதி கர்நாடகா நம்பர். எல்லாக் காரிலும் பின்சீட்டில் ஒரு கர்ப்பிணி.

போவது நல்லுசாமியிடம். ஊரில் அவருக்குப் பெயர் பூட்டுச் சாமியார். வாசல் போர்டில் தமிழில் பூட்டு, கன்னடத்தில் பீகா, தெலுங்கில் தாளம் என்று எழுதியிருக்கும். மொழிச் சண்டை போடுகிறவர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மோசடி மூன்று மொழிக்காரர்களையும் சமமாகத்தான் மொட்டையடிக்கிறது.

பத்து வருஷத்துக்கு முன்னால் நல்லுசாமி ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூப்ளிகேட் சாவி போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் கனவில் அம்மன் வந்து, "நீ திறக்க வேண்டிய பூட்டு இது இல்லடா" என்று சொன்னாளாம். அன்றைக்கு வளரத் தொடங்கியது தாடி.

முறை ரொம்பச் சுலபம். ஏழாம் மாதம் கர்ப்பிணி அங்கே போய் ஒரு பூட்டு வாங்க வேண்டும். வெளியில் வாங்கிய பூட்டு செல்லாது. அங்கே விலை ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று. அந்த ஒன்று அம்மனுக்கு, மிச்சம் சாமியாருக்கு. கர்ப்பிணி தன் கையால் பூட்டிக் கம்பி வலையில் தொங்கவிட்டு, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வலி வந்ததும் போன் போட்டால் சாமியார் வீடியோவில் வருவார். கை நிறைய விபூதியை அள்ளிப் பூட்டின் மேல் அப்புவார். சாவியே இல்லாமல் பூட்டு 'டக்'கென்று திறக்கும். பிள்ளை வெண்ணெயில் வழுக்கினாற்போல் வந்து விழும்.

வராவிட்டால்? சொந்தக்காரர் யாரோ செய்வினைக் கட்டு வைத்திருக்கிறார்கள். சிசேரியன் ஆகிவிட்டால்? நம்பிக்கையில் ஓட்டை. கேள்வித்தாளும் அவர் கையில், விடைத்தாளும் அவர் கையில். அப்புறம் எங்கே பெயில் ஆவது?

ரஞ்சிதாவையும் அவள் மாமியார் வெங்கடம்மாள் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். ரஞ்சிதா அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்துப் பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து பார்த்து ஓ.கே. போடுகிற வேலை. கண்ணால் பார்க்காமல் எதற்கும் ஓ.கே. போட்டுப் பழக்கமில்லாதவள்.

"சாமி, சாவி எங்கிட்டதான் இருக்குது. நீங்க எதால தொறப்பீங்க?" என்று கேட்டாள்.

"மனசால தொறப்பன் தாயி."

"மனசாலயே தொறக்கறதுன்னா எதுக்குங்க பூட்டு?"

வரிசையில் நின்றவர்கள் சூள் கொட்டினார்கள். வெங்கடம்மாள் மருமகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அன்றைய பகுத்தறிவு அத்தோடு முடிந்தது.

வலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு. இடுப்பின் பின்பக்கம் யாரோ ஸ்பானர் போட்டுத் திருகுகிற மாதிரி ஆரம்பித்தது. கணவன் ஸ்ரீராம் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். நர்ஸ் சரிதா கையுறை போட்டுப் பரிசோதித்தாள்.

"கர்ப்பவாய் மூணு சென்டிமீட்டர் தொறந்திருக்குது. பத்து ஆவணும். தலைச்சன் புள்ள, நேரம் எடுக்கும். பயப்படாம நடம்மா."

திறக்க வேண்டியது ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சானமாவில் இல்லை என்பதுதான் விஷயம்.

ஏழு மணிக்கு வெங்கடம்மாள் வீடியோ போட்டாள். சாமியார் விபூதியை அப்பினார். பூட்டு 'டக்'கென்றது. "ஒரு மணி நேரம், தாயி. எண்ணிக்கோ."

வெங்கடம்மாள் எண்ணினாள். எட்டு ஆனது, பத்து ஆனது, பன்னிரண்டு ஆனது. ரஞ்சிதா வராந்தாவில் நடந்தாள். வலி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், போனதும் நடந்தாள். தின்ற இட்லியை வாந்தியெடுத்தாள். சரிதா அடிக்கடி வந்து குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, "ஜம்முனு இருக்குது உள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் மூன்று மணிக்கு அஞ்சு சென்டிமீட்டர்.

வெங்கடம்மாள் மறுபடி போன் போட்டாள். பூட்டு தானாகவே திரும்பப் பூட்டிக்கொண்டது என்றார் சாமியார். "பொண்ணு வீட்டுப் பக்கம் யாரோ கட்டு வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில இருந்தா கத்தி உறுதி. உடனே காருல போட்டு இங்க கொண்டாந்துடு. அவ கையால பூட்டத் தொட்டாத்தான் கட்டு அவிழும்."

வெங்கடம்மாள் கெட்டவள் இல்லை. அவளுடைய ஒரே தங்கை முதல் பிரசவத்தில் வீட்டிலேயே செத்துப்போனவள். முப்பது வருஷமாக அந்தப் பயம் வயிற்றில் இருந்தது. நல்லுசாமி மாதிரி ஆட்கள் கடை விரிப்பதே அந்தப் பயத்தின் மேல்தான்.

"ஏன்டா ஸ்ரீராமு, கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கினு போயிடலாம்டா. காரு சொல்லு."

ஸ்ரீராம் அம்மாவையும் பார்த்தான், பொண்டாட்டியையும் பார்த்தான். ஆண்பிள்ளைகள் இப்படிப்பட்ட சமயத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தான், செல்போனைப் பார்த்தான்.

ரஞ்சிதா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. "அத்தே, வலி எனக்கு. டாக்டரம்மா இங்க. அந்தாளு அங்க. நடுவுல காடு. வழியில பொறந்துச்சின்னா யாரு புடிப்பா? யானையா? நான் வரமாட்டன்." அடுத்த வலி வந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டு மீதியைச் சொன்னாள்: "காரு சொன்னீங்கன்னா அதுல நீங்களே போங்க."

வெங்கடம்மாள் போகவில்லை. கூடவே இருந்து, ராத்திரி முழுக்க மருமகளின் இடுப்பைத் தேய்த்துவிட்டாள். கை வலித்தபோது மாற்றுக் கையால் தேய்த்தாள். சானமாவிலிருந்து யாரும் வந்து கை கொடுக்கவில்லை.

காலை எட்டரைக்குச் சரிதா, "பத்து ஆயிடுச்சி. இப்ப முக்கு" என்றாள். அதற்கப்புறம் ரஞ்சிதாவுக்கு வெட்கம், மானம், பெயர், ஊர் எதுவும் இல்லை. தொண்டையிலிருந்து வந்த சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கிழிகிறது என்று நினைத்தாள், கிழியத்தான் செய்தது. "தலை தெரியுது! இன்னொரு தடவ!" என்று சரிதா கத்தினாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, இருபத்தொன்பதாவது மணி நேரத்தில், வழவழப்பும் ரத்தமுமாக ஒரு பெண் குழந்தை அவள் நெஞ்சின் மேல் வந்து விழுந்தது. மூன்று கிலோ நூறு கிராம். வெங்கடம்மாள் அழுதாள். ரஞ்சிதா சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தையல் போட்டு, வார்டுக்கு மாற்றி, காபி குடித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில், துணைக்கு வந்திருந்த நாராயணப்பன் என்பவரின் மகள். அவளுக்கும் சானமாவில் பூட்டு உண்டு, திறந்தும் ஆயிற்று, சிசேரியனும் ஆயிற்று. வார்டில் இன்னும் நாலு கட்டில்காரர்கள் அந்தச் சாமியாரின் பக்தர்கள்.

"பாத்தியா, அம்மன் கைவிடல" என்றாள் வெங்கடம்மாள். "சாமிக்கு போன் பண்ணிச் சொல்லிடறன்."

"பண்ணுங்க அத்தே. ஆனா பொறந்துடுச்சின்னு நீங்க சொல்லாதீங்க. இன்னும் வலி நிக்கலன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவரே சொல்லட்டும். சொல்லிட்டாருன்னா புள்ளையத் தூக்கிக்கினு நானே வந்து அவரு கால்ல வுழறன்."

வெங்கடம்மாளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. "சொல்லாம இருப்பாரா? பொய் சொன்னதுக்கு என்னைத் திட்டத்தான் போறாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டாள். வார்டே கட்டிலைச் சுற்றி நின்றது.

"சாமி, வலி இன்னும் நிக்கல சாமி."

"எப்படி நிக்கும்? பூட்டு இரும்பா எறுகிக் கெடக்குது. நேத்தே கொண்டான்னு சொன்னனா இல்லியா?"

சரியாக அப்போது குழந்தை வீல் என்று அழுதது.

"அங்க என்னா, கொழந்த சத்தம்?"

வெங்கடம்மாள் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு நொடியில் அவள் முகம் மாறியதை ரஞ்சிதா பார்த்தாள். "பக்கத்து பெட்டுதான் சாமி" என்றாள் வெங்கடம்மாள்.

"பாத்தியா! பூட்டு தொறந்தவங்களுக்குப் பொறந்துடுச்சி. உன் மருமவளுக்குத்தான் கட்டு. கண்ண மூடினா அப்படியே தெரியுது எனக்கு: ஆம்பளப் புள்ள, கால் கீழ, தலை மேல. உசுரோட வேணும்னா கட்டு எடுக்கற காச போன்லயே அனுப்பிட்டு உடனே கெளம்பு."

யாரோ 'களுக்'கென்று சிரித்தார்கள். அப்புறம் வார்டு முழுக்கச் சிரிப்பு. தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க" என்று கெஞ்சினார்கள். வெங்கடம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"டேய் நல்லுசாமி" என்றாள். வார்டு அடங்கியது. "உன் ஆம்பளப் புள்ள எம்மடியில பால் குடிச்சிட்டுக் கெடக்குறா. பொறந்து ரெண்டு மணி நேரமாச்சி. நேத்து உன் பேச்ச நம்பி இவளக் காட்டு வழியில ஏத்தியிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்டா. நான் கொன்னிருப்பன்டா!"

போன் அந்தப் பக்கம் கட்டாயிற்று. முக்காலமும் உணர்ந்தவருக்குச் சிக்னல் போய்விட்டது.

நாராயணப்பனால் பொறுக்க முடியவில்லை. மகளின் சாவியையும் ரஞ்சிதாவின் சாவியையும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே பைக்கில் போனார். கம்பி வலையில் தொங்கின பூட்டை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எந்தச் சாவிக்கும் எல்லாப் பூட்டும் திறந்தது. மொத்த விலைக்கு ஒரே அச்சில் வாங்கிய சரக்கு. அப்போதுதான் விபூதிக் கையின் ரகசியம் புரிந்தது: உள்ளங்கையில் ஒரு சாவி. சாமியாரைத் தேடினால், அவர் பின்வாசல் வழியாக அந்தர்த்தானம் ஆகியிருந்தார். போலீசில் புகார் கொடுத்தார்கள். கொடுக்கப் போனவர்களில் வெங்கடம்மாள்தான் முதல் ஆள்.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் நாலைந்து கார் அங்கே வந்து நின்றது. "சாமி எப்ப திரும்பி வருவாரு?" என்று விசாரித்தார்களாம். அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரு பெண் இருபத்தொன்பது மணி நேரம் தாங்கி, முக்கி, கிழிந்து, ரத்தம் சிந்திப் பெற்ற பிள்ளைக்கு, காட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை மென்றவன் பெயர் வாங்கிக்கொண்டு போகிறான் என்றால், நீங்கள் போய்க் கும்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்: வலித்தது யாருக்கு?