கறுப்பு மாதா வாசலில் கழற்றிய சப்பாத்து

கோயிலுக்குள் நிற்கிறவனுக்குப் பாதி மனம் சாமியிலும் மீதி மனம் வாசலில் கழற்றிவிட்ட செருப்பிலும் இருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் நான் முழு மனத்தோடு கும்பிட்டேன். அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், வில் நகர அகதி விடுதியில் மரியதாஸ் அண்ணையும் நானும் ஒரே அறை. திங்கட்கிழமை அவருக்கு அகதி விசாரணை. அதற்கு முன் ஐன்சீடெல்ன் ஊர்க் கோயிலின் கறுப்பு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்த்தி. ஞாயிறு அவருக்கு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை இருந்ததால், சைவக்காரனான என்னை அனுப்பினார்.

"உன்ரை கிழிஞ்ச சப்பாத்தோட போய் என்ரை மானத்தை வாங்காதை. இதைப் போட்டுக்கொண்டு போ. நாளைக்கு விசாரணைக்கும் இதுதான், கவனம்!"

கறுப்புத் தோல் சப்பாத்து. அவரிடம் இருந்த ஒரே நல்ல பொருள். (என்னிடம் அதுவும் இல்லை.)

ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோயில் வாசலில் நம் வழக்கப்படி சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வேறு யாரும் கழற்றவில்லை என்பதைக் கவனிக்கிற அறிவு அப்போது எனக்கு இல்லை. மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுத் திரும்பினால், பின்னால் ஒரு பஸ் நிறைய யப்பான்காரர், எல்லாரும் வெறும் காலுறையோடு! என்ன பக்தி என்று உருகிக் கண்ணை மூடினேன்.

வெளியே வந்தபோது பஸ் இல்லை. ஒரே ஒரு சோடி சப்பாத்து கிடந்தது. கறுப்புத் தோல்தான், ஆனால் என் பாதத்தில் பாதிதான் உள்ளே போனது. மெழுகுதிரி விற்ற அம்மா சைகையால் விளக்கினார்: நீ கழற்றினாய், உன்னைப் பார்த்து அவர்கள் கழற்றினார்கள், வழிகாட்டி வந்து கத்த, அகப்பட்டதைக் கொழுவிக்கொண்டு ஓடினார்கள்.

"மெழுகுதிரிதானேயடா நேர்ந்தனான், சப்பாத்துமோ?" என்றார் மரியதாஸ் அண்ணை. அவருடைய விசாரணையைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள், என் கிழிசலை விட யப்பான் மினுக்கம் மேல் என்று அதையே போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

"காலில் என்ன, ஆமி அடித்ததா?" என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம்.

"இல்லை ஐயா, சப்பாத்து சின்னன்."

கதை முழுவதையும் கேட்ட அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, கழற்றிவிட்டு இருக்கச் சொன்னாராம். "அந்தாள் சிரிச்ச உடனை பயம் போயிட்டுது. பட்டதெல்லாம் ஒண்டும் விடாமல் கதைச்சிட்டன்" என்றார் அண்ணை.

விசா கிடைத்தது. இன்றும் யாராவது சுவிஸ் அரசாங்கத்தைப் புகழ்ந்தால் அவர் மனைவி விடமாட்டார்.

"இவருக்கு விசா தந்தது யப்பான்காரன்!"

மெழுகுதிரி கொளுத்தியவனை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.