ஹோம் ரன் என்றால் ஓடிப்போவதா?

பிரிக்பீல்ட்ஸ்,
திங்கட்கிழமை.

கிள்ளானில் வாழும் பேரன்பு மச்சான் இக்னேஷியஸ் அவர்களுக்கு, தங்கை புருஷன் கிரிகரி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே எல்லாரும் சுகம், என் பிரஷரைத் தவிர. அங்கே அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் நீங்கள் கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

விஷயம் நம்ம மகள் ஷார்மைன் கல்யாணம். உங்கள் ஊர்ப் பையன் கேவினை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, வாயைத் திறக்கும்வரை. அவன் வேலை பார்ப்பது அமெரிக்கக் கம்பெனியில். அங்கே எல்லாரும் பேஸ்பால் பாஷைதான் பேசுவார்களாம். இந்த நாட்டில் யார் மச்சான் பேஸ்பால் ஆடுகிறார்கள்? முதல் நாள் வந்தவன், “அடுத்த வாரம் டச் பேஸ் பண்றேன் அங்கிள்” என்றான். டச் விட்டுப்போகாமல் பேசுகிறேன் என்கிறான், நல்ல பிள்ளை என்று தலையாட்டினேன். அடுத்த வாரம், நிச்சயதார்த்தம் வைத்தால் உங்கள் பக்கம் எத்தனை பேர் என்று கேட்டேன். “இப்ப தெரியல அங்கிள், நாளைக்கு பால்பார்க்ல சொன்னா ஓகேவா?” என்றான். “எங்க சொன்னாலும் ஓகே தம்பி” என்றேன். ஏதோ புது மண்டபமாக்கும் என்று மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு செமினி ஊர் வரை தேடிப் போனேன். அங்கே ஒரு காவலாளி ஃபுட்சால் கோர்ட்டைக் காட்டினார். முழங்காலில் பந்து பட்டதுதான் மிச்சம். பால்பார்க் என்றால் ‘உத்தேசமாக’ என்று அர்த்தமாம், உங்கள் தங்கை கெர்ட்ரூட் நேற்றுதான் சொன்னாள்.

சரி, வீட்டுக்கே சாப்பிட வா என்று கூப்பிட்டால், “இந்த வாரம் ரெயின் செக் அங்கிள்” என்கிறான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது! மழைக்கே பயப்படுகிறவன் நம்ம பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவான் என்று நினைத்தேன். ‘இன்னொரு நாள் வருகிறேன்’ என்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம், அதுவும் நேற்றுதான் தெரிந்தது. கெர்ட்ரூட் செய்த ஆட்டுப் பெரட்டலை நானே தின்று பிரஷர் ஏறியது.

சனிக்கிழமை சாயங்காலம்தான் குடி கெட்டது. அடுப்படியில் ஷார்மைன் போனில், “நாளைக்கு ஹோம் ரன்தான் கேவின்! டைமுக்கு வந்துரு லா!” என்கிறாள். ஹோம் தெரியும், ரன் தெரியும். வீட்டை விட்டு ஓட்டம்! கேட்டைப் பூட்டி, சாவியை எங்கேயோ ஒளித்து வைத்தேன். மறுநாள் பூசைக்குக்கூட யாரையும் விடவில்லை, வயிற்றுவலி என்று சொல்லி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு வந்து நின்றான் கேவின். பின்னால் அவன் அப்பா, அம்மா, கையில் ஐஸ்கிரீம் கேக். ஓடிப்போக அப்பா அம்மாவோடு வருவார்களா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. “முடிஞ்சா மதிலத் தாண்டுடா பாப்போம்!” என்று கத்திவிட்டேன்.

கெர்ட்ரூட் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். “ஹோம் ரன்னா ஓடிப்போறது இல்லங்க! பந்த மதிலுக்கு வெளிய அடிச்சு ஜெயிக்கிறது! நான் ஸ்கூல்ல சாஃப்ட்பால் ஆடினவ. பொண்ணு கேக்க வந்திருக்காங்க, உங்களுக்கு சர்ப்ரைஸ்!” சர்ப்ரைஸ்தான். சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அரிசித் தொட்டியைத் துழாவிக் கண்டுபிடிப்பதற்குள் கேக் உருகி, சம்பந்தி சட்டையெல்லாம் ஸ்ட்ராபெரி. அவர்கள் அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஷார்மைன் அறைக் கதவைச் சாத்தியவள், இன்னும் என் முகம் பார்க்கவில்லை. அதுதான் மச்சான் தாங்க முடியவில்லை.

ஆனாலும் தப்பு என்மேல் மட்டுமா? தாய்மாமன் நீங்கள்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். கேட்டைப் பூட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆனால் பையன் வாயால், நேராக, தமிழில் பெண் கேட்கும்வரை இந்தக் கல்யாணம் இல்லை என்றும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கிரிகரி

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் கேவின் தனியாக வந்தான். கேட் திறந்துதான் இருந்தது, ஆனாலும் வெளியிலேயே நின்றான். “உங்களப் பாத்தா பயம் அங்கிள். பயந்தா எனக்கு ஆபீஸ் இங்கிலீஷ்தான் வரும். ஷார்மைன எனக்குக் கட்டிக் குடுங்க, நல்லா வச்சுக்குவேன்” என்றான். கதவு திறந்து ஷார்மைனும் வந்து என் பக்கத்தில் நின்றாள். ‘சரி’ என்று தமிழில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மச்சான். பயந்தால் எனக்கும் அப்படித்தான் போல. வாயில் வந்த வார்த்தை, “ஹோம் ரன், தம்பி!” ஆகவே மேலே எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு உங்கள் பக்கம் எத்தனை பேர்? பால்பார்க்கில் சொன்னால் போதும்.