மூளைப் பளு: ஒன்றிலிருந்து ஒன்பது வரை

திரையில் ஏழு என்று வந்ததும் பேராசிரியர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் நடத்தும் பாடத்தின் பெயர் 'கற்றலை எளிதாக்குவது எப்படி'. பாடம் கேட்கும்போது மாணவர் மூளை எவ்வளவு சிரமப்படுகிறது என்று அளக்கவும் அவரே ஒரு வழி வைத்திருந்தார். வகுப்பு நடுவே மணி அடிக்கும்போதெல்லாம் ஒவ்வொருவரும் கைபேசியில் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். ஒன்று என்றால் சிரமமே இல்லை. ஒன்பது என்றால் மூளை புகைகிறது. சராசரி திரையில் வரும். இந்தச் சின்ன விஷயத்தை அவர் காலையில் 'அகவயப் புலனறி சுமை அளவீடு' என்று தொடங்கி முக்கால் மணி நேரம் தெள்ளத்தெளிவாக விளக்கியிருந்தார். "இன்னைக்கு நான் தேறுறது உங்க விரல்லதான் இருக்கு" என்று முடித்தபோது மட்டும் வகுப்பு விழித்துக்கொண்டது.

கடைசி வரிசையில் துறைத்தலைவி. எண் ஐந்தைத் தாண்டினால் பாடத்துக்கு மூடுவிழா, பேராசிரியருக்கு விடுதிச் சாப்பாட்டுக்கூட மேற்பார்வை என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

பேராசிரியர் வரைபடங்களை அவசரமாக அழித்தார். அழிப்பான் அகப்படாததால் சட்டைக் கையாலேயே அழித்தார். மணி அடித்தது.

எட்டு.

"ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?" என்று முன்வரிசைக் கண்ணாடிக்காரியிடம் கேட்டார்.

"ஐயோ, இல்ல சார். நல்லாப் புரியுது."

"அப்புறம் ஏன் எட்டு?"

"கவலைய விடுங்க சார். நாங்க இருக்கோம்ல!"

சுமை தாங்காமல் பிதற்றுகிறாள் என்று பேராசிரியர் முடிவுகட்டினார். பாவம், சின்னப் பெண்.

கலைச்சொற்களை எல்லாம் கைவிட்டு, ஒரு டம்ளரையும் ஜாடித் தண்ணீரையும் எடுத்தார். "இந்த டம்ளர்தான் உங்க மூளை. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்." ஊற்றிய அவசரத்தில் மூளை நிரம்பி, மேசை நிரம்பி, மிச்சம் அவருடைய கால்சட்டையில் இறங்கியது.

எட்டே முக்கால்.

துறைத்தலைவி தொண்டையைச் செருமினார்.

"சரிப்பா, இனிமே நான் வாயே திறக்கல. எல்லாரும் சும்மா உட்காருங்க" என்று பேராசிரியர் நாற்காலியில் சரிந்து, தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசி மணி அடித்தது.

ஒன்பது. வகுப்பே கைதட்டியது.

துறைத்தலைவி எழுந்து வந்து அவர் காதோரம் குனிந்தார். "பேசாமலே பிள்ளைங்க மூளையப் புகைய வச்சிருக்கீங்க. சாதனைதான். திங்கட்கிழமை சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்துடுங்க."

அவர் போன பிறகு கண்ணாடிக்காரி முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"முதல்ல நம்ம பசங்க கொஞ்சம் கறாராத்தான் போட்டாங்க சார். நீங்க படுற பாட்டைப் பார்க்க முடியாம நான்தான் எல்லார்கிட்டயும் கெஞ்சினேன்: 'பாவம்டா, சாரை பெயிலாக்கிடாதீங்க, ஒன்பதுக்கு ஒன்பது மார்க் போட்டுடுங்க'ன்னு!"