கரைச்சல் காக்காவின் இரண்டாவது கண்

"கரைச்சல் காக்கா இன்று ஒருவரையும் ஏசவில்லை." ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே என் நாட்குறிப்பில் உள்ள வரி இது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வந்தது, எந்தப் புயல் யார் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது என்றெல்லாம் குறித்துவைத்திருக்கிறேன். அவற்றில் எதன் கீழும் கோடு போட்டதில்லை. இதன் கீழ் இரண்டு கோடு.

உலகத்திலேயே பொல்லாத தேத்தண்ணிக் கடைக்காரர் அவர்தான். காக்கா என்பது அண்ணன் என்ற மரியாதை. கரைச்சல், அதாவது தொல்லை, அவரே உழைத்துச் சம்பாதித்த பட்டம். சீனி கூடக் கேட்டால், "உங்கட வாப்பாக்குச் சீனி வருத்தமெண்டு தெரியாதா?" என்பார். சீனி வேண்டாமென்றால், "அப்ப பைப்புத் தண்ணியக் குடி."

அவர் ஊற்றுவதும் கிட்டத்தட்ட அதுதான். தேநீரின் கடுப்பை நிறம் பார்த்தே முடிவுசெய்பவர். கண்புரை முற்றி எல்லாமே மஞ்சளாகிவிட்டதில், வெந்நீரே அவருக்குக் கடுஞ்சாயமாகத் தெரிந்தது. வருடக்கணக்கில் குடித்தோம். சொல்ல யாருக்குத் தைரியம்?

அதைவிடப் பெரிய கரைச்சல், அவருக்கு நித்திரை இல்லாதது. அவர் மனைவியை நாங்கள் ராத்தா, அதாவது அக்கா, என்போம். ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் சொன்னார்:

"மாஸ்டர், இந்த மனுசன் ராவெல்லாம் அலுமாரியத் திறந்து மூடுறார். எனக்கும் நித்திரை இல்ல. புரையாலயும் நித்திரை கெடுமாம்; ரெண்டு கண்ணையும் ஒப்பரேசன் செஞ்ச பொறகும் இப்பிடியெண்டா, நான் கிண்ணியாவுக்கு மகள்ட ஊட்டுக்குப் போயிருவன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. உடுப்புப் பை கட்டியாகிவிட்டது.

முதலில் இடது கண். புரையை எடுத்துவிட்டு நிறமில்லாத லென்ஸ் வைத்தார்கள். வேறு வகை உண்டென்றே அப்போது அவருக்குத் தெரியாது. கடைக்குத் திரும்பியவர் ஒரு கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"தேத்தண்ணி, காக்கா," என்றான் துறைமுகத்தில் லோஞ்சுப் படகு ஓட்டும் சிவம்.

"இதையா இவ்வளவு நாளும் குடிச்ச? வாய் இல்லையா உனக்கு?"

தேநீர் கடுத்தது. ஆனால் ஆள் பாதிதான் மாறினார். ஒரு கண்ணைப் பொத்திப் பொத்தி எதையும் பார்ப்பார். இடப்பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு, வலப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏச்சு. வலப்பக்க வாங்கு காலியானது. இடப்பக்கத்தில் ஒருவர் மடியில் ஒருவர் இருந்தோம். நித்திரையும் பாதிதான் வந்தது.

இரண்டாவது கண்ணுக்கு நாள் குறித்ததும் கடை இரண்டு கட்சியானது. மஞ்சள் லென்ஸ் என்று ஒன்று இருப்பதாகச் சிவம் கண்டுபிடித்திருந்தான். "அதப் போடுங்கோ காக்கா, குழந்தப்பிள்ள மாதிரிப் படுப்பீங்கள்." மற்றவர்கள், அது போட்டால் மனம் சோரும் என்றார்கள்.

ராத்தாவின் வற்புறுத்தலில் நானும் காக்காவோடு வயதில் இளைய கண் டொக்டரிடம் போனேன்.

"எதப் போட்டா நித்திரை வரும், பிள்ள?" என்று காக்கா கேட்டார்.

"மஞ்சள் லென்ஸ் நீல வெளிச்சத்தக் கொஞ்சம் மறிக்கும், ஐயா. அதால இரவில நித்திரை நல்லா வருமெண்டு சிலர் சொல்லீனம். பகலில அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ள போனாத்தான் உடம்பு முழிக்கும், மனமும் நல்லாயிருக்குமெண்டு வேற சிலர் சொல்லீனம். பெரிய வித்தியாசம் இருக்கெண்டு உறுதியாச் சொல்ல ஏலாது. புரை போறதே பெரிய விசயம்."

காக்கா எழுந்தார். "மஞ்சளாப் பாத்துத்தானே ஊருக்கெல்லாம் சுடுதண்ணி வித்தன். போதும். வெள்ளையப் போடுங்க."

அதுவே வைத்தார்கள். வலப்பக்க வாங்கிலும் ஆட்கள் இருக்கத் தொடங்கினார்கள்.

சில வாரங்களின் பின், அந்தத் தை மாதச் செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்கவில்லை. பூட்டிய கதவின் முன் நின்றோம். ஏச்சுச் சத்தம் கேட்காத கடை எங்களைப் பயமுறுத்தியது. சிவம் கதவைத் தட்டக் கை ஓங்கியபோது யன்னல் திறந்தது.

"தட்டாதீங்க," என்றார் ராத்தா, மெதுவாக. "விடியச் சுபஹு தொழுதிட்டுத் திரும்பப் படுத்தவர். குறட்ட விடுறார்."

பை அவிழ்த்தாயிற்றா என்று கேட்டேன். எப்போதோ அவிழ்த்துவிட்டாராம்.

அந்த நித்திரை லென்ஸால் வந்ததா, புரை போனதால் வந்ததா, ராத்தா போய்விடுவார் என்ற பயம் நீங்கியதால் வந்ததா என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை. அவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.