அபண்டன்ட் என்று எழுதியது நான்தான்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜனாப் துல்கர்னைன் அவர்களுக்கு, தென்காசியிலிருந்து சேக் தாவூது சலாத்துடன் எழுதுவது. நானும் பீவியும் நலம். அங்கு நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் மூன்று நாளாக நீங்கள் என் கட்டிலில்தான் படுத்திருக்கிறீர்கள் என்பதால், நலமென்றே நம்புகிறேன். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை வாசுதேவநல்லூரிலிருந்து, குற்றாலத்தில் தண்ணீர் எப்படி என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தீர்கள். அன்று மெயின் அருவியில் வெள்ளம் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியதால் போலீஸார் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். பெண் கொடுத்த வீட்டில் 'வராதீர்கள்' என்று சொல்ல எனக்கு நா எழாது. நாளைக்கு என் மகள் ஹஃப்சாவை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே. முப்பத்துநான்கு வருடம் ஆங்கிலம் நடத்தியவன் என்பதால் அகராதியைப் புரட்டி, 'அபண்டன்ட்' என்ற ஒரே வார்த்தையை அனுப்பினேன். அதன் வேர் லத்தீன். 'உண்டா' என்றால் அலை. 'அப்' என்றால் விட்டு விலகி. நீர் கரைக்குள் அடங்காமல் அலையடித்து வெளியேறுவது. படித்தவர் நீங்கள், பார்த்ததும் பயந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் வாசலில் வேன் நின்றது. எண்ணினேன், பத்தொன்பது பேர். சந்தேகத்தில் மறுபடி எண்ணினேன், இருபது. கடைசி ஆள் பிரியாணிச் சட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். அருவிக்கரையில் போலீஸார் விசில் ஊதி விரட்டியதும், தலையில் தேய்த்த எண்ணெயோடு இருபது பேரும் என் குளியலறைக்கே திரும்பி வந்தீர்கள். ஊரெல்லாம் வெள்ளம், என் தொட்டியில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வார்த்தையின் வேரை விளக்கினேன்.

"லத்தீன்ல யாரு குளிக்கா சம்பந்தி? தண்ணி நெறைய கெடக்குன்னா வரத்தானே செய்வோம். தடைய எடுக்குற வரைக்கும் இங்கன இருக்கோம்" என்றீர்கள்.

அடுப்படியில் பீவி, "வராதீங்கன்னு தமிழ்ல ஒத்த வார்த்த எழுத ஒங்க கைக்கு என்ன நோவு?" என்றாள்.

ரோமானியர்களே அந்தச் சொல்லை ஏராளம் என்ற பொருளிலும் புழங்கியிருக்கிறார்கள் என்பதை நேற்றுதான் படித்தேன். ஆகவே, தவறு என்னுடையதே. தயவுசெய்து நாளைக் காலை பசியாறியதும் புறப்பட வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் எல்லா வளமும் பரக்கத்தும் பெருகட்டும். அங்கேயே பெருகட்டும்.

தங்கள் அன்புள்ள,
சேக் தாவூது

பி.கு.: இதை மடிக்கும்போது நீங்களே மாடிக்கு வந்து போனை நீட்டினீர்கள். "மதுரையில இருந்து தம்பி, தண்ணி எப்படின்னு கேக்கான். ஒங்க கையால ஒரு வார்த்த போடுங்க." நீங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அதே வார்த்தையைத்தான் போட்டேன். உங்கள் தம்பி வேன் பேசிவிட்டாராம். இந்தக் கடிதத்தைத் தொட்டிக்குள் போடப்போகிறேன். நனையாது.