நான்காவது சீட்டிலேயே சாவது பற்றி

குன்சான், துறைமுகச் சாலை.
நவம்பர் மாதம். திங்கட்கிழமை தொடங்கியது.

வோன்ஜூவில் வசிக்கும் என் மைத்துனன் மா சாங்-போங்குக்கு, உன் அக்காள் புருஷன் பியோ மன்-தெக் மரியாதையுடன் எழுதுவது.

கடிதம் என்றால் முதலில் பருவத்தைச் சொல்லி, பிறகு நலம் விசாரித்து, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று சொனு டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆகவே சொல்கிறேன். இங்கே கடற்காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. சாலை மரங்கள் மஞ்சளாகி முக்கால்வாசி உதிர்ந்துவிட்டன. இடது முழங்கால் நீங்கலாக நான் நலம். உன் அக்கா எல்லா வகையிலும் நலம், குரல் குறிப்பாக நலம். உன் நலமும் உன் மனைவியின் நலமும் என்னைக் கடித்த உங்கள் நாயின் நலமும் அறிய விரும்புகிறேன். இனி விஷயம்.

மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தை வேறு யாரும் எழுதித் தரவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன், பென்சிலால். ஒரு வரி எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது, ஆனால் அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. எழுபத்தாறு வயதில்தான் எழுதப் படித்தேன் என்பதை உன்னிடம் மறைத்திருந்தேன், மன்னித்துக்கொள். உன் மகளின் கல்யாணப் பத்திரிகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, அச்சு நன்றாக இருக்கிறது என்று சொன்னேனே, எனக்கு அதில் தெரிந்தது அச்சு மட்டும்தான். ஐஸ் தொழிற்சாலையில் நாற்பது வருடம் பனிக்கட்டி சுமந்தவனை யாரும் எதையும் படித்துக் காட்டச் சொன்னதில்லை, அதனால் காலம் ஓடிவிட்டது. இந்த மார்ச்சில்தான் முதியோர் மையத்தில் சொனு டீச்சர் நடத்தும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பதினோரு பெண்கள், நான் ஒருவன் ஆண். ஆகவே வகுப்பில் மேசை தூக்குவது என் வேலை.

இப்போது நம் சீட்டாட்டத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நீதான் என் போனில் அந்த ஏழு சீட்டு ஆட்டத்தை இறக்கித் தந்தாய், ஞாயிறுதோறும் நீ அங்கேயும் நான் இங்கேயுமாக ஆடுகிறோம். தினமும் சும்மா கொட்டும் காசு, கடையில் நீட்டினால் ஒரு வெள்ளரிக்காய்கூடத் தராத காசு, உப்புக்குப் பெறாத காசு என்று நீயே சொன்னாய். ஆனால் நம் வீட்டில் அது உப்பில்தான் வந்து முடிந்தது, ஏனென்றால் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளுக்கு முந்தின இரண்டாவது ஞாயிறு வரை யார் கையில் காசு குறைவோ அவன் முற்றத்தில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து எண்பது முட்டைக்கோசுக்கும் இலை இலையாக உப்புத் தேய்க்க வேண்டும், மற்றவன் உள்ளே சூடான தரையில் சம்மணம் போட்டு வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டிச் சாப்பிடலாம் என்று விதி வைத்ததும் நீதான். ஆட்டத்துக்கு வராதவன் தோற்றவன் என்பதும் உன் விதிதான். மூன்று வருடமும் முக்காலியில் உட்கார்ந்தது நான். மூன்று வருடமும் சன்னல் வழியாக நீ கறித்துண்டைத் தூக்கிக் காட்டினாய். அதை நான் மறக்கவில்லை.

என் மச்சான் சாகவே மாட்டார், எதற்கும் அஞ்சாத ஆள் என்று உன் பேருந்து டிரைவர் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா, அதன் உண்மையைக் கேள். அஞ்சாத நெஞ்செல்லாம் இல்லை, எழுத்து தெரியாது. திரையின் அடியில் ஐந்து பொத்தான்கள் இருக்கின்றன. நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். பச்சையை அமுக்கினால் ஆட்டம் நகர்கிறது, சிவப்பை அமுக்கினால் காசு பெரிதாகப் போகிறது, ஓரத்தில் இருக்கும் சாம்பல் நிறத்தை ஒருமுறை அமுக்கியபோது சீட்டெல்லாம் மறைந்துபோனது. போனை அணைக்கிற பொத்தான் போலிருக்கிறது என்று நினைத்து அதன் பக்கமே பிறகு போகவில்லை. அதுதான் சாகிற பொத்தான், சீட்டை மூடி விலகுகிற பொத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அக்கா பின்னால் நின்று, “செத்துத் தொலைங்களேன், இந்தச் சீட்டை வச்சுக்கிட்டு எதுக்கு இழுக்கறீங்க,” என்பாள். சாகத் தயாராகத்தான் இருந்தேன், எதை அமுக்கிச் சாவது என்றுதான் தெரியவில்லை. அவளிடம் கேட்டிருக்கலாம். வங்கியிலும் மருந்துக்கடையிலும் அவளிடம் கேட்பது போதாதா, விளையாட்டிலும் கேட்பதா என்று இருந்துவிட்டேன். ஒருமுறை சாகலாம் என்று மஞ்சளை அமுக்கினேன், பந்தயம் இரட்டிப்பாகி, நீ பயந்து செத்தாய். அன்று மட்டும்தான் ஜெயித்தேன்.

வகுப்புக்கு வெளியே நானாகப் படித்த முதல் சொல் எது தெரியுமா? அந்தச் சாம்பல் பொத்தானில் இருந்த சொல்தான். இரண்டே எழுத்து, இரண்டும் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிற எழுத்து. ‘டா’ என்று படித்தேன், ‘இ’ என்று படித்தேன், சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், சாவுக்குச் சீட்டாடுகிறவர்கள் சொல்லும் அதே ஆங்கிலச் சொல். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “என்ன ஆச்சு?” என்று உன் அக்கா கேட்டாள். “இங்க பாரு, சாவு இங்கயேதான் இருந்திருக்கு,” என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

படிக்கத் தெரிந்தபின் ஜெயித்தேன் என்று நினைக்காதே. இன்னும் மோசமாகத் தோற்றேன். பொத்தானை அமுக்கப் பத்து நொடிதான் தருகிறார்கள். முன்பு நிறத்தைப் பார்த்துச் சட்டென்று அமுக்கிவிடுவேன். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்காமல் விரலை வைக்க மனம் வருவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கையில் நான்கு ஏழு வந்தது, மாப்பிள்ளை, நான்கு ஏழு. மூன்றாவது பொத்தானைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் தீர்ந்து அந்தப் போனே என்னைச் சாகடித்துவிட்டது. நீ ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு காசை அள்ளினாய்.

அப்போதுதான் சொனு டீச்சர் எங்களுக்குத் தவறு நோட்டு என்று ஒன்று போடச் சொன்னார். “தப்பா எழுதினதை ரப்பர் போட்டு அழிக்காதீங்க. தனி நோட்டுல எழுதி, ஏன் தப்பாச்சுன்னு பக்கத்துல ஒரு வரி எழுதுங்க. தப்புதான் நல்ல வாத்தியார்,” என்றார். மற்றவர்கள் எழுத்துப்பிழையை எழுதினார்கள். என் பெரிய தவறுகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கின்றன, ஆகவே நான் அவற்றை எழுதினேன். ஆகஸ்டிலிருந்து பத்து வாரம் எழுதினேன். சிலவற்றை உனக்குப் பார்த்து எழுதுகிறேன், பன்றி என்பது ஆட்டத்தின் நடுவே என்னைச் சீண்ட நீ அனுப்பும் பன்றிப் படம்.

‘சாக வேண்டிய இடத்தில் சாகவில்லை. காரணம்: பேராசை.’

‘அவசரப்பட்டுச் செத்தேன். பிறகு பார்த்தால் வாழ்ந்திருக்கலாம்.’

‘மைத்துனன் பன்றி அனுப்பினான். பயந்து செத்தேன். பன்றி அனுப்பும் நாளில் அவனிடம் ஒன்றும் இருப்பதில்லை.’

‘மனைவி என்னைச் சாகச் சொன்னாள். கேட்கவில்லை. அவள் சொன்னதே சரி.’

‘இனி இழுத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. நான்காவது சீட்டிலேயே சாவது என்று முடிவு செய்துவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது.’

அந்த நோட்டால்தான் பத்து ஞாயிறில் ஏழில் உன்னை ஜெயித்தேன். உன் காசும் என் காசும் கிட்டத்தட்ட சமமாகி, கடைசி ஞாயிறுதான் முற்றத்து முக்காலி யாருக்கு என்று சொல்லும் என்ற நிலைக்கு வந்தது உனக்கே தெரியும். அதற்கு நான்கு நாள் முன்னால், புதன்கிழமை, டீச்சர் நோட்டுகளைத் திருத்தினார். என் நோட்டுக்கு வந்ததும் அவர் பென்சில் நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போனது. ஒரு ஆரஞ்சை உரித்து என் கையில் கொடுத்தார்.

“ஐயா, வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா இருக்கு, டீச்சர். எப்ப சாகணும்னு இப்பதான் புரிய ஆரம்பிச்சிருக்கு.”

“யாரு... யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“அனுபவம்தான். மைத்துனனும் நல்லா ஒத்தாசை பண்றான்.”

அவருக்குச் சீட்டாட்டம் தெரியாது. சீட்டைக் கவிழ்த்துவைத்து அந்த ஆட்டத்தை விட்டு விலகுவதைத்தான் நாம் சாவது என்கிறோம் என்று அவருக்கு யார் சொல்வது? நான் நோட்டைப் பாராட்டுகிறார் என்று நினைத்து ஆரஞ்சைத் தின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் பொதுக் குளியலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் வாசலில் இரண்டு ஜோடி புதுச் செருப்பு. உள்ளே டீச்சரும் வட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரிப் பெண்ணும் நோயாளியைப் பார்க்கப் போவதுபோல் ஒரு பாத்திரம் கடல்நத்தைக் கஞ்சியும். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டீச்சர் கேட்டதையும் உன் அக்கா சொன்ன பதிலையும் அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. நீங்க ஐயாவைச் செத்துப்போகச் சொன்னீங்களா?”

“சொன்னேன். எத்தனை தடவைதான் சொல்றது, கேட்டாத்தானே.”

“எத்தனை நாளா சொல்லிட்டிருக்கீங்க?”

“மூணு வருஷமா. ஞாயிறு தவறாம. என் தம்பியும்தான் சொல்றான்.”

“உங்க தம்பியுமா?”

“அவன்தானே இதையெல்லாம் ஆரம்பிச்சு வச்சதே.”

அதிகாரிப் பெண் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். உன் பெயரும் அதில் ஏறிவிட்டது, மாப்பிள்ளை. எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தாள், நான்தான் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். பிறகு போனை எடுத்து ஆட்டத்தைத் திறந்து அந்தச் சாம்பல் பொத்தானைக் காட்டினேன். டீச்சர் அதைப் படித்தார், நோட்டைப் படித்தார், மறுபடி பொத்தானைப் படித்தார். பிறகு சுவரில் சாய்ந்து வெகுநேரம் சிரித்தார், கொஞ்சம் அழுததுபோலவும் இருந்தது. “ஐயா, பத்து வாரத்துல ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை,” என்று சொல்லி, குழந்தைகளுக்குக் குத்துகிற ‘மிக நன்று’ முத்திரையைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் குத்தினார். பன்றி என்று எழுதிய வரியின் மேலும் குத்தினார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் முத்திரைகள். கஞ்சியும் நன்றாக இருந்தது.

ஆனால் உன் அக்கா சிரிக்கவில்லை. “புருஷனைச் சாகச் சொன்ன பொம்பளைன்னு என் பேரு சர்க்கார் காகிதத்துல ஏறிடுச்சு. கிழிச்சுப் போட்டாலும் எழுதுனது எழுதுனதுதான்,” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். “கிம்ச்சி போட்டு முடிக்கிற வரைக்கும் ஆட்டமும் வேண்டாம், சாவும் வேண்டாம்.” அரிசிப் பானையில் தேடினேன், கிம்ச்சிப் பெட்டியில் தேடினேன், கிடைக்கவில்லை. இந்த ஞாயிறு, நம் கடைசி ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு நீ அங்கே காத்திருந்திருப்பாய், நான் இங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். உன் அக்காவும் வீட்டில் இல்லை. பொதுக் குளியலறைக்குப் போவதாகச் சொல்லி மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினாள், தலைமுடி கொஞ்சமும் நனையவில்லை. தண்ணீரை வீணாக்காத பெண். வரும்போது எனக்கு வெல்லம் வைத்த அடை இரண்டு வாங்கிவந்தாள், பாட்டு வேறு முணுமுணுத்தாள். கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று போனைக் கேட்டேன். “எந்தப் போனு?” என்றாள்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். வராதவன் தோற்றவன் என்ற விதியை இந்த ஒரு முறை மட்டும் தள்ளிவை. கிம்ச்சி நாள் அடுத்த ஞாயிறுக்கும் அடுத்த புதன்தான். நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது, எனக்கு ஒரே ஒரு ஆட்டம் கொடு. உன் அக்காவிடமும் நீயே பேசு, தம்பி சொன்னால் கேட்பாள். உப்புக்குப் பயந்து இதைக் கேட்கவில்லை. முழங்கால் பழகிவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றைத் தவறு செய்து, எழுதி, படித்து, திருத்திக் கற்றுக்கொண்டேன். அது எனக்கு வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமலே போய்விடக் கூடாது என்றுதான் கேட்கிறேன். கற்றது சுருக்கமாக: மோசமான சீட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடிவிட வேண்டும், சாகத் தெரிந்தவன்தான் கடைசிவரை பிழைத்திருப்பான். வயதில் பெரியவனாக உனக்கும் இதையே சொல்கிறேன், கடைப்பிடி.

உன் பற்கள் உறுதியாக இருக்கட்டும். உன் மனைவியின் இடுப்பு வலி இந்தக் குளிரில் அவளை மறந்து போகட்டும். மகள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும். நாய்க்கும் என் வாழ்த்து, தூரத்திலிருந்து.

இதை எழுதி முடித்தது வியாழக்கிழமை.

உன் மச்சான்,
பியோ மன்-தெக்
(கையெழுத்து என்னுடையது)

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. தபால்தலை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன், முழுவதையும், நானே. குளியலறை வரிக்கு வந்ததும் அவள் எழுந்துபோய்த் தன் மேல்கோட்டின் உள்பையிலிருந்து என் போனை எடுத்துவந்து வைத்தாள். நீ ஞாயிறு மாலையிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாய். அன்று மூன்று மணி நேரம் உன்னோடு ஆடி உன் காசையெல்லாம் ஒன்று விடாமல் உருவியது நான் இல்லையாம், மாப்பிள்ளை, உன் அக்காவாம், குளியலறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து. ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கிற வசதி இருக்கிறது, எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்துப் பார்த்தேன். கையில் குப்பை. எல்லாச் சீட்டும் குப்பை. ஆனால் ஒரு தடவைகூட அந்தச் சாம்பல் பொத்தானை அவள் தொடவில்லை, நீதான் பன்றி பன்றியாக அனுப்பிவிட்டு ஒவ்வொரு தடவையும் செத்திருக்கிறாய். “என்னை மட்டும் மூணு வருஷமா சாகச் சொன்னியே, நீ ஏன் சாகலை?” என்று கேட்டேன். “நான் செத்தா உங்களுக்கு யாரு சோறு போடுறது?” என்றாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதே, குறிப்பாகக் கற்றது என்று எழுதிய வரியையும் பன்றியைப் பற்றிய வரியையும். நான்கு நாள் உழைப்பு என்பதால் கிழிக்க மனம் வரவில்லை, அதனால்தான் அனுப்புகிறேன். உப்பு இரண்டு மூட்டை வாங்கிவைத்துவிட்டோம். ரப்பர் கையுறை என்னுடையது உனக்குச் சிறிதாக இருக்கும், உன்னுடையதைக் கொண்டு வா.